அறுபது பேருக்கு நாரங்கா வெள்ளம்

கல்யாணமாகி ஒன்பதாவது வருடம் என் மனைவி உண்டானாள். செய்தி தெரிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, என்னை வீட்டுக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சண்டை ஒன்றும் இல்லை. என் மேல் அடிக்கிற வாசனைதான் காரணம். கொச்சியில், கொச்சங்காடிப் பக்கம் ஒரு குடோனில் சுக்கு மூட்டை தைத்து அடுக்குகிற வேலை எனக்கு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக அதே வேலைதான். சுக்குத் தூள் தலைமுடிக்குள் போகும், காதுக்குள் போகும், நகத்தடியில் தங்கும். எனக்கு அது எப்போதோ தெரியாமல் போய்விட்டது. மாசமானதும் அவளுக்கு மட்டும், நான் தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும். வாசலில் கால் வைப்பதற்குள் உள்ளே குமட்டுகிற சத்தம் கேட்கும்.

"சேட்டா, அவிடயே நில்லுங்க. குளிச்சிட்டு வாங்க," என்பாள்.

அவள் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பாவின் அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், எழுதப் படிப்பது மலையாளம், புருஷனைக் கூப்பிடுவது சேட்டன். முதன்முதலில் போனில் இதைக் கேட்ட என் அம்மா, நான் ஏதோ சேட்டை செய்து மருமகளிடம் பேச்சு வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நாள் என்னைக் கண்டித்தாள்.

குளித்துவிட்டு வந்தாலும் பிரயோஜனமில்லை. சோப்பு வாசனையும் ஆகாது. முன்னறையில் ஜன்னலோரம் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வேன். அவள் உள்ளறையில் கட்டிலில். மூன்றாம் மாதம், நான்காம் மாதம், ஐந்தாம் மாதம். எல்லோருக்கும் நின்றுவிடுகிற வாந்தி அவளுக்கு நிற்கவில்லை. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எதையாவது குடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். ஆனால் தண்ணீரே அவளுக்கு வாடை அடித்தது. ஒன்பது வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. மூன்று வீடு தள்ளி இருக்கும் மாமியார் காலையும் மாலையும் கஞ்சியோடு வருவார், பாதிக் கஞ்சியோடு திரும்பிப் போவார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் கூரையை உருக்குகிற மாதிரி இருந்தது. உள்ளறையிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். நாரங்கா வெள்ளம் வேண்டுமாம்.

எலுமிச்சம்பழச் சாற்றுக்கு இங்கே பேர் அதுதான். நாரங்கா என்றால் எலுமிச்சை, வெள்ளம் என்றால் தண்ணீர். எனக்கு வெள்ளம் என்றால் ஊர் முங்குகிறதுதான் இன்றைக்கும் மனசில் வரும். அவளாக ஒன்றைக் கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. சட்டைகூடப் போடாமல் கடைக்கு ஓடினேன். நான்கு பழம் வாங்கி வந்து, வெட்டிப் பிழிந்து, சர்க்கரை போட்டு நீட்டினேன்.

டம்ளர் மூக்குக்கு அருகே போனதுமே தள்ளிவிட்டாள். வெங்காயம் வெட்டிய கத்தியால் பழத்தை வெட்டியிருக்கிறேன் என்றாள். அது உண்மை. முந்தின நாள் வெட்டிய கத்தி, கழுவியும் வைத்திருந்தேன்.

கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து இரண்டாவது தடவை செய்தேன். இந்தத் தடவை, தோலை அழுத்திப் பிழிந்துவிட்டேன், கசப்பு வருகிறது என்றாள். குடித்துப் பார்த்துச் சொல்லவில்லை, முகர்ந்தே சொன்னாள். நான் குடித்துப் பார்த்தேன். தொண்டையில் இறங்கின பிறகுதான் லேசாகக் கசந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய மூக்கு இவ்வளவு நாளும் எங்கள் இரண்டு பேருக்கும் எதிரியாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அது எதையோ தேடுகிறது என்று தோன்றியது.

மூன்றாவதாக, பழத்தை மெதுவாக, பாதி மட்டும் பிழிந்தேன். சர்க்கரை கொஞ்சம். கடைசியில் அவளே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, உப்புச் சாடியை எடுத்துவரச் சொல்லி, ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டாள். கால் டம்ளர் குடித்தாள். நான் கதவருகே நின்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூறு வரை எண்ணியும் அவள் வாந்தி எடுக்கவில்லை. மிச்சத்தையும் குடித்தாள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. குடோனில் சாக்கு தைக்கும்போதுகூட, இதோடு வேறு என்ன சேர்த்தால் அவள் குடிப்பாள் என்றுதான் யோசனை ஓடும். தினமும் ஒரே சாறு என்றால் சலித்துவிடும், சலித்தால் மறுபடி எல்லாம் நின்றுவிடும் என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிட, சாயந்திரம் குளித்துவிட்டு டம்ளரோடு போய் நிற்கும்போது அவள் முகம் என்ன சொல்லப்போகிறது என்கிற துடிப்பு. பரீட்சை முடிவு பார்க்கப் போகிற பையனைப் போலத்தான் தினமும் வீட்டுக்குப் போவேன்.

புதினா வாங்கி வந்து சர்க்கரைப் பாகில் போட்டுக் கொதிக்கவைத்தேன். கீரை வெந்த வாடை என்றாள். கொதிக்கவைக்காமல் கையால் கசக்கிப் போட்டபோது ஒத்துக்கொண்டாள். துளசி வேண்டாம், கோயில் வாசனை, வயிறு கலங்குகிறது என்றாள். எலுமிச்சை இலை ஒன்றைக் கிழித்துப் போட்டது ரொம்பப் பிடித்தது. அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு வந்த அன்று மாமியார் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாசமா இருக்கிற பொண்ணுக்கு அன்னாசியா? உங்க ஊர்ல யாரும் பிள்ளை பெத்ததே இல்லியா?" என்றார். பழத்தை என் கையிலிருந்து வாங்கி நேராகத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர்கள் வீட்டில் அன்று எல்லோரும் சாப்பிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா இருக்கிறார். இத்தா என்று கூப்பிடுவோம். அக்கா என்று அர்த்தம். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு சாம்பக்கா மரம் உண்டு. சின்ன மணி போல வெளிர்ச்சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் பழம். எங்கள் பக்கம் குற்றாலத்தில் ஜம்பு என்று விற்பார்கள். மார்ச் கடைசியில் மரத்தடி முழுக்கச் சிவப்பாக உதிர்ந்து கிடந்தது. இத்தா ஒரு கூடைப் பழத்தை மதில்மேல் வைத்துவிட்டு, பெண்ணுக்குக் கொடு என்றார். கடித்தால் தண்ணீர்தான், பெரிய ருசி ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நான்கைந்தை அம்மியில் வைத்து நசுக்கி, துணியில் வடித்து, எலுமிச்சைச் சாற்றில் கலந்தேன். வெளிர்ச்சிவப்பு நிறம் வந்தது. பன்னீர் தெளித்த மாதிரி ஒரு வாசனை எனக்கே தெரிந்தது.

அவள் டம்ளரை வாங்கினாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டாவது டம்ளரும் குடித்தாள். அரைமணி நேரம் கழித்து, சோறு இருக்கிறதா என்றாள். நான் இத்தாவின் மதிலுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன், மாமியார் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். திரும்பி வந்தபோது அவள் மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னை உள்ளே வந்து பக்கத்தில் உட்காரச் சொன்னாள். சுக்கு வாசனை இருக்கிறதே என்றேன். இருக்கிறது, இன்றைக்குப் பரவாயில்லை என்றாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைக்க நாள் பார்த்தார்கள். ஏப்ரல் கடைசி, நல்ல வெயில். அவளுடைய சொந்தம், தெருக்காரர்கள், குடோனில் சுக்கு தரம் பிரிக்கிற பெண்கள், ஊரிலிருந்து என் அம்மா, எல்லாம் சேர்த்து அறுபது பேர். வந்தவர்களுக்குக் குடிக்கக் கடையில் பாட்டில் வாங்கிவிடலாம் என்றார் மாமியார். நான் செய்கிறேன் என்று சொன்னேன். அறையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வளைகாப்பில் ஆம்பிளைக்கு வேலையே கிடையாது, பந்தலுக்குக் கயிறு கட்டிவிட்டு ஒதுங்கிப் போகவேண்டியதுதான் என்று மாமியார் சொன்னார்.

"சேட்டன் செய்யட்டும்மா. வேற யாரு செஞ்சாலும் நான் குடிக்க மாட்டேன்," என்றாள் என் மனைவி. மாமியார் சம்மதித்துவிட்டார்.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, அதுவரை நான் ஒரு தடவைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் கலக்கியதில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. வாடகைக்கு இரண்டு பெரிய எவர்சில்வர் அண்டா எடுத்தேன். சந்தையில் ஒவ்வொரு பழமாக அழுத்திப் பார்த்து, மெல்லிய தோல் உள்ளதாகப் பொறுக்கினேன். இப்படிப் பொறுக்கினால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். முந்தின நாள் சாயந்திரமே பிழிந்து வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். கூடாது, பிழிந்து வைத்த சாற்றுக்குக் காலையில் வேறு வாடை வந்துவிடும் என்று அவள் சொல்லிவிட்டாள். தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து ஆறப்போட்டேன்.

அன்று காலை ஆறு மணிக்கெல்லாம் ஆளுக்கொரு வேலை. முந்தின நாள் ரயிலில் வந்திருந்த என் அம்மாவும் இத்தாவும் இத்தாவின் கொல்லையில் ஒரு பெரிய சட்டிக்கு இருபுறமும் உட்கார்ந்து பழம் பிழிய ஆரம்பித்தார்கள். அத்தனை பழத்தையும் நான் பிழிந்தால் விரலில் சாக்கு ஊசி குத்திய காயமெல்லாம் எரியும், அதனால் எனக்கு ஐஸ் வாங்குகிற வேலை. தெரிந்தவரின் ஆட்டோவில் இடக்கொச்சிக்குப் போனேன். அங்கே ஐஸ் கட்டி செய்கிற இடம் ஒன்று உண்டு.

எடுத்துக் கொடுக்க வந்தவர், எதற்கு ஐஸ் என்று கேட்டார். வளைகாப்புக்கு, நாரங்கா வெள்ளத்தில் போட என்றேன். கையில் எடுத்த கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது மீனினுள்ள ஐஸா. குடிக்கான் பற்றில்லா," என்றார்.

மீனுக்குப் போடுகிற ஐஸ், குடிக்க ஆகாது என்று சொன்னால் விளங்காத அளவுக்கு நான் புதிதாக வந்தவன் இல்லை. ஆனால் அப்போது என் முகம் எப்படிப் போயிருக்குமோ தெரியாது, அவரே பாவப்பட்டு வழி சொன்னார். ஐஸைத் தண்ணீருக்குள் போடாதே, அண்டாவைத் தூக்கி ஐஸுக்குள் வை என்றார். அகலமான தொட்டி ஏதாவது இருந்தால், அதில் ஐஸை நொறுக்கிக் கொட்டி, உப்பு தூவி, நடுவில் அண்டாவை இறக்கிவிட்டால் ஒரு மணி நேரத்தில் பல் கூசும் என்றார். எனக்கு உயிர் வந்தது. இரண்டு சாக்கு நிறைய ஐஸ் வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன்.

பாதி வழியில்தான் அந்த வாடை என் மூக்கில் ஏறியது. சாக்கு இரண்டும் மீன் சாக்கு. மீன் வாடையை அவள் கடைசியாகச் சகித்துக்கொண்டது எப்போது என்றே எனக்கு நினைவில்லை. இதை வீட்டு வாசலில் இறக்கினால், பட்டுப்புடவை கட்டி மனையில் உட்கார்ந்திருப்பவள் எல்லோர் முன்னாலும் குமட்டிக்கொண்டு எழுந்து ஓடுவாள். ஆட்டோக்காரரிடம் எங்கள் தெருவுக்குள் போகவேண்டாம், சுற்றிக்கொண்டு இத்தா வீட்டுப் பின்பக்கச் சந்தில் விடுங்கள் என்றேன். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஆட்டோக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காற்று எங்கள் வீட்டுப் பக்கமிருந்து அந்தச் சந்துக்குத்தான் வீசிக்கொண்டிருந்தது.

கொல்லைக்குள் நுழைந்தபோது சட்டி நிறையச் சாறு. என் அம்மாவுக்கு மலையாளம் ஒரு சொல் தெரியாது, இத்தாவுக்குத் தமிழ் கால்வாசிதான் புரியும். இருந்தும் இரண்டு பேரும் தங்கள் தங்கள் முழங்கால் வலியைப் பற்றி முழுதாகப் பேசி முடித்திருந்தார்கள். இத்தா வீட்டில் துணி ஊறவைக்கிற சிமெண்டுத் தொட்டி ஒன்று சாம்பக்கா மரத்தடியில் இருந்தது. அதைக் கழுவி, சாக்கை உள்ளே வைத்தபடியே கட்டையால் அடித்து ஐஸை நொறுக்கிக் கொட்டினேன். சாக்குகளைச் சந்துக் குழாயடியில் அலசிப் போட்டுவிட்டு, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஆறிய தண்ணீரை ஊற்றி அண்டாக்களை இறக்கி, மூடி போட்டு, மூடிக்கு மேல் ஈரத்துணி சுற்றினோம்.

எங்கள் வீட்டில் வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்க ஆரம்பித்தது. சடங்கு தொடங்கிவிட்டது. நான் கலக்க ஆரம்பித்தேன். கொதித்து ஆறிய தண்ணீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, நசுக்கி வடித்த சாம்பக்கா, கசக்கிய புதினா, கிழித்த இலை. ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது. இன்னும் கொஞ்சம் பாகு விட்டுக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் சாறு. பதினைந்து தடவை ருசி பார்த்ததில் நாக்கு மரத்துவிட்டது. இனிப்பா புளிப்பா என்றே தெரியவில்லை. இத்தாவைக் கேட்டேன். கொள்ளாம் என்றார், நன்றாயிருக்கிறது என்று. அவர் எதற்கும் கொள்ளாம் என்றுதான் சொல்வார். எட்டிப் பார்க்க வந்த மாமியார் சர்க்கரை பற்றாது என்றார். என் அம்மா சர்க்கரை ஜாஸ்தி என்றாள். இரண்டு சம்பந்திகளும் அண்டாவுக்கு இருபுறமும் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள்.

சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவள் நடுக்கூடத்தில் பெண்கள் சூழ உட்கார்ந்திருக்கிறாள், ஆம்பிளை அங்கே போகக்கூடாது. ஒரு சின்ன டம்ளரில் ஊற்றிக்கொண்டு சுவரோரமாகச் சுற்றி, நடுக்கூடத்து ஜன்னலுக்குப் போனேன். அவளுக்குப் பின்பக்கம் அந்த ஜன்னல். முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், மடியில் வெற்றிலை. யாரோ பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் டம்ளரைக் கம்பிக்குள் நீட்டியபடி நின்றேன்.

அவள் திரும்பவில்லை. பாட்டு நின்ற இடைவெளியில் தலையை லேசாகச் சாய்த்தாள்.

"சேட்டா, உப்பு போடல, இல்லே?"

கூடத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பெரிய சிரிப்பு எழுந்தது. எனக்கு வெட்கமே வரவில்லை. வீட்டில் ஒவ்வொரு நாளும் கடைசியில் அந்தச் சிட்டிகை உப்பை அவளேதான் போட்டுக்கொள்வாள். நான் ஒருநாளும் போட்டதில்லை, அதனால் என் கணக்கிலேயே அது இல்லை. உப்பு போட மறந்தால் மூக்குக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்றுவரைக்கும் யோசிக்கிறேன். உப்புக்கு வாசனை ஏது? அவளைக் கேட்டால், எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் என்கிறாள்.

ஓடினேன். ஒரு அண்டாவுக்கு ஒரு கைப்பிடிக்கும் குறைவாக உப்பு போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்தேன். மரத்துப்போன நாக்கில்கூட அது வந்து விழுந்தது. எலுமிச்சை தனியாக, பழம் தனியாக, புதினா தனியாகத் தெரிந்தது. அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தேன். இரண்டு பேரும் குடித்து முடித்து, மறுபடி டம்ளரை நீட்டினார்கள்.

முதல் டம்ளர் அவளுக்குத்தான் போனது. நானே கொண்டுபோனேன், யாரும் தடுக்கவில்லை. வெளியே அடிக்கிற வெயிலில் டம்ளரின் மேல் வியர்த்துத் துளித்துளியாய் வழிந்தது. அவள் குடித்ததை அறுபது பேரும் பார்த்தார்கள். பிறகு அண்டாக்களைக் கூடத்துக்கே தூக்கி வரச் சொன்னாள். மீன் வாடை ஒட்டியிருந்த வெளிப்பக்கத்தைக் கழுவித் துடைத்துத் தூக்கி வந்தோம். மனையிலிருந்து எழுந்துவிட்டாள். உட்காரும்மா, வளையல் போட்டவள் பரிமாறக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அகப்பையை எடுத்து டம்ளர் டம்ளராக ஊற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவை அகப்பை இறங்கும்போதும் அத்தனை வளையலும் சேர்ந்து குலுங்கியது. ஆறு மாதமாகக் கட்டிலில் கிடந்தவள். குடோன் பெண்களில் ஒருத்தி என்னிடம் வந்து, தினமும் சுக்கு நாற்றத்தோடு நிற்கிற ஆளா இதைச் செய்தது என்று கேட்டாள்.

இரண்டு அண்டாவும் பன்னிரண்டரைக்குக் காலி. இன்னும் கேட்டார்கள். மீதிப் பழத்தைப் பிழிந்து, மரத்தை உலுக்கி விழுந்த சாம்பக்காவையெல்லாம் நசுக்கி மூன்றாவது நடை கலக்கினோம். அதில் உப்பு போட நான் மறக்கவில்லை.

ஜூலை மழையில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குப் பக்கத்தில், நல்ல குரலோடு. பிரசவம் முடிந்த மறுவாரமே அவளுடைய மூக்கு சாதாரண மூக்காகிவிட்டது. சுக்கு வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்தேன், அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாறு கலக்கி நீட்டினால், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை சேட்டா, நீங்களே பார்த்துக்கோங்க என்கிறாள். அன்றிலிருந்து என் நாக்கைத்தான் நம்பவேண்டியிருக்கிறது.

அதை நம்பித்தான் ஆகவேண்டும். போன வாரம் இத்தா மதிலருகே கூப்பிட்டார். அவருடைய மகளுக்கு மே மாதம் கல்யாணம், முந்தின நாள் மைலாஞ்சி, அதாவது மருதாணி, வைக்கும்போது எல்லோருக்கும் நாரங்கா வெள்ளம் நான்தான் கலக்கவேண்டுமாம். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன். முன்னூறு பேர் என்றார். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, எத்தனை அண்டா வேண்டியிருக்கும், தொட்டி எங்கே கிடைக்கும் என்று அவளிடம் பேச ஆரம்பித்தேன். பேசி முடிக்கும்போது குழந்தை தூங்கிவிட்டிருந்தது, எங்களுக்குத்தான் தூக்கம் வரவில்லை.